காகிதத்துக்கும் ஓர் ஓட்டம் உண்டு

“ஐந்தே நிமிடத்தில் செய்துவிடலாம்” என்று தொடங்கும் கைவேலைக் காணொளிகளைக் கவனித்துப் பாருங்கள். பசை தடவுகிற விரல் தெரியும். அடுத்த நொடியில் பொருள் முழுசாக மேசைமேல் நிற்கும். நடுவே பசை காய்ந்த ராத்திரி முழுவதையும் கத்தரித்துவிட்டிருப்பார்கள். அதைக் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், நியாயம்தான். ஆனால் அதே பொருளை வீட்டில் செய்து பார்ப்பவர், அட்டை வளைந்து, தாள் சுருங்கி, ஓரம் பிரிந்து கிடப்பதைக் கண்டு “நமக்குக் கைராசி இல்லை” என்று முடிவு கட்டிவிடுகிறார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காகிதம் ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும், பசை எப்படிக் காயும் என்கிற இரண்டு விஷயங்களை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வீட்டுக் கைவேலை என்றால் காகிதம், அட்டை, நூல். மெழுகு உருக்குவது, பிசின் ஊற்றுவது எல்லாம் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். காகிதம் எந்த வீட்டிலும் சும்மா கிடைக்கிறது, புகை வராது, வீணானால் மனசு வலிக்காது. இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறேன். செய்து முடித்த பொருள் ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும். எழுத, வைக்க, பிரிக்க, தாங்க, ஏதோ ஒன்று. அலமாரியில் நின்று தூசி வாங்குவதற்கென்று ஒரு பொருளைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது பின்னால் வருகிறது.

முதலில் காகிதத்தின் ஓட்டம். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், பிறகு குறுக்கே கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராக வரும். மறு பக்கம் எங்கெங்கோ ஓடும். காகித ஆலையில் நீரில் கரைந்த கூழ், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கம்பி வலையின்மேல் விழுகிறது. அந்த நகர்வில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அந்தத் திசைதான் காகிதத்தின் ஓட்டம். பிரான்சில் லூயி நிக்கோலா ராபர் 1799-ல் இந்த மாதிரி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு தாள்தாளாகச் சட்டத்தில் அள்ளிக் குலுக்கிச் செய்த காகிதத்தில் இழைகள் பல திசையிலும் பின்னிக் கிடந்ததால், இப்படி ஒரு திட்டமான திசை கிடையாது. இன்று நம் கைக்கு வரும் தாளில் ஏறக்குறைய எல்லாமே இயந்திரத் தாள். எனவே எல்லாவற்றிலும் ஓட்டம் உண்டு.

இது தெரிந்தால் மூன்று சங்கடங்கள் ஒரே அடியில் தீரும். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் கெட்டித் தாள் வெடித்து வெள்ளை தெரியும். ஓட்டத்தோடு தாள் எளிதில் உருளும், குறுக்கே முரண்டு பிடிக்கும். கடைசியாக, முக்கியமானது: ஈரம் பட்டால் இழை பருமனில்தான் அதிகம் ஊதுகிறது, நீளத்தில் கொஞ்சம்தான். அதனால் பசை தடவிய தாள் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் நீள்கிறது, காயும்போது அதே குறுக்கில் சுருங்குகிறது. அட்டை வளைவதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டத்தைக் கண்டுபிடிக்கத் தாளைக் கிழிக்கவும் வேண்டாம். தாளை மடிக்காமல் சும்மா இரண்டாக வளைத்து உள்ளங்கையால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். பிறகு திருப்பி மறு பக்கம் வளைத்து அமுக்குங்கள். எந்தப் பக்கம் கை எதிர்ப்பில்லாமல் இறங்குகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் ஓட்டம். சந்தேகமாக இருந்தால் ஒரு மூலையைச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழல்போலச் சுருளும். குழலின் நீளம் எந்தப் பக்கமோ, ஓட்டமும் அந்தப் பக்கம். கண்டுபிடித்தவுடன் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். வெட்டிய துண்டுகள் மேசையில் பரவிய பிறகு எது எந்தப் பக்கம் என்று கடவுளுக்கும் தெரியாது.

தாளின் கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சுத்தாள் உறையில் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் இருக்கும் என்று பொருள். ஏ வரிசைத் தாள்களில் ஏ0 சரியாக ஒரு சதுர மீட்டர். அதை நாலு தடவை பாதியாக்கினால் ஏ4. அதாவது 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே உறை இல்லாமல் கிடைத்த தாளின் கனம் தெரிய வேண்டுமா? 16 ஏ4 தாள்களைத் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே ஜிஎஸ்எம். பக்கங்களின் விகிதம் 1-க்கு இரண்டின் வர்க்கமூலம் என்று இருப்பதால், எத்தனை தடவை பாதியாக மடித்தாலும் உருவம் மாறாது. இதை ஜெர்மானிய அறிஞர் லிச்டன்பெர்க் 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். வால்டர் போர்ஸ்ட்மான் முயற்சியில் 1922-ல் ஜெர்மனியில் தரமாக அறிவிக்கப்பட்டது. கைவேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. ஒரு அளவுக்கு வரைந்த திட்டத்தை அடுத்த அளவுத் தாளுக்கு அப்படியே சுருக்கலாம், ஓரத்தில் எதுவும் மிஞ்சாது.

சரி, முதல் வேலை. ஒரு நோட்டுப்புத்தகம். காகிதக் கைவேலையில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பசையே வேண்டாம்.

எட்டு ஏ4 தாள்களை ஒவ்வொன்றாகப் பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். 32 பக்கம் ஆயிற்று. மேலுறைக்கு 200 ஜிஎஸ்எம் அளவில் கொஞ்சம் கெட்டித் தாள். மேலுறையை மடிக்கும் முன், மடிப்பு வரவேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து விடுங்கள். மடிப்பு கத்திபோல் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, மடிப்பின் உள்பக்கத்தில் மூன்று துளைகள். ஒன்று நட்டநடுவில், மற்ற இரண்டும் இரு முனைகளிலிருந்தும் 4 செ.மீ. தள்ளி. துளையை ஊசியால் நேரடியாகக் குத்தாமல், பழைய தொலைபேசிப் புத்தகம்போல ஏதாவது தடித்த ஒன்றை விரித்து, அதன் பள்ளத்தில் மடிப்பை உட்கார வைத்துக் குத்துங்கள், துளை நேராக விழும். முதுகின் நீளத்தைப்போல இரண்டரை மடங்கு நூல் போதும். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே போங்கள். மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள். உள்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டி, கீழ்த்துளையில் வெளியே போங்கள். மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். இப்போது நூலின் இரண்டு நுனியும் உள்ளே நடுவில் இருக்கின்றன, அவற்றுக்கிடையே மேலிருந்து கீழாக ஒரு நீளத் தையல் ஓடுகிறது. நுனி இரண்டும் அந்த நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்க வேண்டும். இறுக்கி, அதன்மேல் இரட்டை முடிச்சுப் போடுங்கள். முடிந்தது. நூலை இழுக்கும்போது மட்டும் மடிப்பின் திசையிலேயே இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழிந்து துளை நீளும்.

மூடிப் பார்த்தால் உள்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். இது தவறு இல்லை. வெளித்தாள் மற்றவற்றைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் அதன் நீளம் முதுகிலேயே கொஞ்சம் போய்விடுகிறது. இரும்பு ஸ்கேல் வைத்துக் கத்தியால் ஓரத்தைச் சீவிவிடலாம். அப்படியே விட்டாலும் எனக்குப் பிடிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். அச்சுத்தாள் ஏ4 பெரும்பாலும் நீளவாக்கில் ஓட்டம் உள்ளது. அதைப் பாதியாக மடிக்கும்போது மடிப்பு குறுக்கே விழுகிறது. எட்டுத் தாளுக்கு இது பரவாயில்லை. ஆனால் கெட்டித் தாளாக இருந்தால் புத்தகம் விறைத்து நிற்கும், திறந்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். நீளவாக்கில் ஓட்டமுள்ள ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டினால், கிடைக்கும் ஏ4 துண்டுகளில் ஓட்டம் குறுகிய பக்கத்தோடு ஓடும். அதை மடித்தால் மடிப்பும் ஓட்டமும் ஒன்று. திறந்த பக்கம் திறந்தபடி கிடக்கும். நல்ல புத்தகம் எது, அவசரப் புத்தகம் எது என்று நான் இப்போதெல்லாம் இதை வைத்தே பார்க்கிறேன். ஓட்டம் முதுகுக்கு இணையாக இல்லாத புத்தகம் கையில் சண்டை போடும்.

அப்புறம் பசை. வெள்ளைப் பசை எனப்படும் பிவிஏ, நீரில் மிதக்கும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துளிகள். நீர் வெளியேறியதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு படலம் ஆகின்றன. அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் எத்தனை பசை என்பதைவிட, நீர் எந்த வழியாக வெளியேறும் என்பதுதான் கேள்வி. தாளோடு தாள் ஒட்டினால் நீர் தாளுக்குள் போகும், எனவே மெல்லிய பூச்சு. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டினால் நீருக்கு வழியே இல்லை, எனவே நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அங்கே இந்தப் பசை வேண்டாம். கடுங்குளிரான அறையிலும் இது சரிவராது. துளிகள் சேராமல் வெள்ளைப் பொடியாக நின்றுவிடும்.

தடவும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையை இழுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் தாளின் அடியில் பசை புகுந்து மறுபக்கம் கறையாகும். கழிவுத்தாள் ஒன்றை அடியில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதை மாற்றுங்கள். ஒட்டியதும் மேலேயும் கீழேயும் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் போதும். இடையிடையே தூக்கிப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்கத் தெரிந்தவர் செய்யும் வேலை தனியாகத் தெரியும்.

வீட்டிலேயே காய்ச்சும் மாவுப் பசையையும் நான் விடுவதில்லை. ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு நீர், கட்டி இல்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி வருவதற்கு முன்பே, 60, 70 டிகிரி செல்சியஸ் அளவில் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வெடித்துக் கூழாகும். பால்வெள்ளை மாறிக் கண்ணாடிபோல மினுங்கத் தொடங்கினால் இறக்கிவிடலாம். இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், அதனால் வேண்டிய அளவுக்குக் காய்ச்சுங்கள். இதன் பெரிய நன்மை, காய்ந்த பிறகும் நீர் தொட்டால் பிரியும். அருங்காட்சியகங்களில் பழைய ஆவணங்களைச் செப்பனிடுகிறவர்கள் கோதுமை மாவுச்சத்துப் பசையைப் பயன்படுத்துவது இதனால்தான். நாளைக்கு வேறொருவர் அதைப் பிரிக்க வேண்டி வரலாம் அல்லவா?

சூடான பசைத் துப்பாக்கியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மரம், துணி, ஒழுங்கற்ற பொருள்கள் இவற்றுக்கு அது உதவும், மறுக்கவில்லை. காகிதத்தில் அது முண்டுமுண்டாக நிற்கிறது, ஓரமெல்லாம் சிலந்தி நூல் தொங்குகிறது, வெயில் பட்ட சன்னலில் வைத்தால் இளகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அது நம் பொறுமையைக் கெடுத்துவிடுகிறது. உடனடிப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட்டைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பருத்தித் துணியில், பஞ்சில் அது கொட்டினால் வேகமாக வினைபுரிந்து சூடாகும், தோல் வெந்துபோகும் அளவுக்கு. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பசையைத் தொடவே தொடாதீர்கள், சிந்தினால் பஞ்சால் துடைக்கவும் வேண்டாம்.

இப்போது அட்டை வளையும் கதைக்கு வரலாம். கெட்டி அட்டையின் ஒரு பக்கம் அலங்காரத் தாளை ஒட்டுகிறோம். பசையில் தாள் நீண்டிருக்கிறது. காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. அட்டை கிண்ணம்போலக் குழிகிறது. கனம் வைத்து அமுக்கினால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கனத்தை எடுத்ததும் பழையபடி குழியும். மருந்து ஒன்றுதான், மறுபக்கத்திலும் ஒரு தாளை, அதே ஓட்டத்தில், அதே பசையால் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்போது அட்டை எங்கேயும் போகாது. கெட்டியட்டை போட்ட எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அழகுக்கு மட்டும் என்று நினைத்திருப்போம். அட்டையை நேராக நிறுத்தி வைப்பது அந்தத் தாள்தான். ஏற்கெனவே குழிந்துபோன அட்டை கையில் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம், மேடாக இருக்கும் பக்கத்தில் ஒரு தாள்.

பொருள் வந்த பெட்டி அட்டைக்கு வேறு சட்டம். நெளிநெளியான தாளை இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டிய சாதனம் அது. இங்கிலாந்தில் 1856-ல் இந்த நெளித்தாளுக்கு முதலில் காப்புரிமை வாங்கியது உயரமான தொப்பிகளின் உள்பட்டைக்காக. 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றிக் கட்ட எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் பெட்டி. நெளிவரி நிற்கும் திசையில் இந்த அட்டை தூண்போலக் கனம் தாங்கும். வரிக்குக் குறுக்கே அழுத்தினால் மடங்கிவிடும். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972-ல் இதே அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி வளைந்து நெளிந்த நாற்காலி ஒன்றை வடிவமைத்தார். ஆள் உட்காரலாம். அடுத்தடுத்த அடுக்குகளில் வரியைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி வைத்து ஒட்டினால், வீட்டில் நாம் செய்கிற சாதாரணத் தட்டுக்கூட மரம்போல விறைப்பாகிவிடும்.

இந்த அட்டையில் நான் அடிக்கடி செய்வது மேசை இழுப்பறைக்குள் போடும் தடுப்புகள். இழுப்பறையின் உள்ளகலத்தைவிட 2 மி.மீ. குறைவாக நீளப் பட்டைகளை வெட்டுங்கள். வரி செங்குத்தாக நிற்கும்படி. எங்கே இரண்டு பட்டைகள் குறுக்கிட வேண்டுமோ, அங்கே ஒன்றில் மேலிருந்து பாதி உயரம், மற்றதில் கீழிருந்து பாதி உயரம், அட்டையின் தடிமன் அளவுக்கு ஒரு வெட்டு. ஒன்றை ஒன்றில் செருகினால் கட்டம் தயார். பசை வேண்டாம், கழற்றி மாற்றி அமைக்கலாம். நூல்கண்டு, பேட்டரி, கம்பி, சாவி என்று எல்லாம் அதனதன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்டையின் வெட்டிய ஓரம் பிசிறாகத் தெரிவது பிடிக்காவிட்டால், 3 செ.மீ. அகலத் தாள் நாடா ஒன்றை ஓரத்தின்மேல் கவிழ்த்து ஒட்டிவிடுங்கள். நாடாவின் ஓட்டம் நீளவாக்கில் இருக்கட்டும், அப்போதுதான் சுருக்கமில்லாமல் கவியும். ஓட்டம் என்பது எங்கேயும் விடாது.

வெட்டுவதில் ஒரே ரகசியம், ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காதிருப்பது. முதல் இழுப்பு வழி போடுவதற்கு, அழுத்தமே வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும் ஆழம் போகட்டும். பலம் கொடுத்தால் கத்தி ஸ்கேலைத் தாண்டி விரலுக்கு வரும். மழுங்கிய முனையை உடைத்துப் புதுமுனை எடுக்கச் சோம்பல் படாதீர்கள், கூர்மையான கத்தியைவிட மழுங்கிய கத்தியே அதிக ஆபத்து. ஸ்கேல் இரும்பாக இருக்கட்டும், பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிவிடும்.

காகிதக் கூழ்க் கிண்ணம் பற்றிச் சுருக்கமாக. உண்மையில் இதற்குக் கூழே வேண்டாம், தாள் பட்டைகளும் மாவுப் பசையும் போதும். பட்டைகளை வெட்டாமல் கிழியுங்கள், கிழிந்த பிசிறு ஓரம் அடுத்த பட்டையோடு கலந்து கோடே தெரியாது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் அடுக்குங்கள். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது வெள்ளைத் தாள், மறுபடி செய்தித்தாள். எங்கே விட்டுப்போயிற்று என்று கண் உடனே சொல்லிவிடும். இரண்டு அடுக்குக்கு ஒரு தடவை முழுசாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு எல்லா அடுக்கையும் ஒன்றாகப் போட்டால் உள்ளே ஈரம் சிக்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இங்கே ஒரு சின்ன முறைப்பாடு. கண்ணாடிப் புட்டியின்மேல் பசை தடவி, மினுமினுப்புத் தூள் தூவி, பிளாஸ்டிக் முத்து ஒட்டி, “கழிவிலிருந்து கலை” என்கிறார்கள். அந்தப் புட்டி வெறுமனே இருந்தபோது கழுவி மறுபடி பயன்படுத்தலாம், உருக்கி வேறு புட்டி ஆக்கலாம். மேலே நாலு விதமான பொருள் ஒட்டியபின் அதை எங்கே சேர்ப்பது? மினுமினுப்புத் தூள் பெரும்பாலும் பொடிப்பொடியான பிளாஸ்டிக், வீட்டை விட்டு வருஷக்கணக்கில் போகாது. கழிவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஒரே பொருளால் செய்யுங்கள். காகிதமும் நூலும் மாவுப் பசையும் மட்டும் சேர்ந்த பொருள், வேலை முடிந்த பிறகு மறுபடி காகிதக் கூடைக்கே போகலாம். அழகுக்காகத்தான் செய்கிறேன் என்று சொன்னால் எனக்கு ஒரு வாதமும் இல்லை.

குழந்தைகளோடு உட்காருவதாக இருந்தால் முதலில் கத்தரிக்கோலைப் பாருங்கள். இடதுகைக் குழந்தையிடம் வலதுகைக் கத்தரிக்கோலைக் கொடுத்தால், மேல் அலகு வெட்டும் கோட்டை மறைத்துவிடும், அதோடு கையின் அழுத்தமும் இரண்டு அலகையும் விலக்கிவிடும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துபோகும். பிள்ளைக்கு வெட்ட வரவில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். இடதுகைக்கென்றே அலகு மாற்றி வைத்த கத்தரிக்கோல் கிடைக்கிறது. வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லிக்கொடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

பசையும் கத்தியும் இல்லாத வேலை வேண்டுமென்றால் மடிப்புப் பெட்டி. ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர்ப்பக்க நீள ஓரத்துக்குக் கொண்டுபோய் மடித்து, மிஞ்சும் பட்டையைக் கிழித்தால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேலை இருக்கிறது. சதுரத்தின் மூலைவிட்டங்களை மடித்து விரியுங்கள். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடியுங்கள். வரும் சிறு சதுரத்தின் எதிரெதிர் ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்து விரியுங்கள், மற்ற இரு ஓரங்களையும் அப்படியே. பிறகு எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் திறந்து, திறக்காத பக்கச் சுவர்களை நிமிர்த்தி, திறந்த முனைகளை மேலேற்றி உள்ளே கவிழ்த்தால், நான்கு கூர்முனைகளும் அடியில் நடுவே சந்திக்கும். சுமார் 7.4 செ.மீ. பக்கமும் அதில் பாதி உயரமும் உள்ள பெட்டி. மூடிக்கு இந்தச் சதுரம், அடிப்பெட்டிக்கு 5 மி.மீ. குறைந்த சதுரம். இறுகினால் இன்னும் 2 மி.மீ. குறையுங்கள்.

இந்தப் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெட்டியின் சுவர்கள் எல்லாம் தாளின் ஓரத்துக்கு 45 டிகிரி சாய்வாக விழுகின்றன. ஓட்டத்தோடும் இல்லை, ஓட்டத்துக்குக் குறுக்கேயும் இல்லை, நான்குமே நடுவில். அதனால் நான்கு சுவரும் ஒரே மாதிரி மடிகின்றன. தாளை எந்தப் பக்கம் வைத்துத் தொடங்குவது என்ற கேள்வியே எழுவதில்லை. இதை முதலில் மடித்தவர் ஓட்டத்தை யோசித்தா செய்திருப்பார்? தெரியாது, ஆனால் வசதி நமக்கு.

மிஞ்சிய பட்டை 8.7 செ.மீ. அகலம், 21 செ.மீ. நீளம். இதிலிருந்து 3 செ.மீ. அகலத்தில் இரண்டு நாடாக்கள் வெட்டலாம். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். ஒரு பயனும் இல்லாத பொருள். பெயர் ஃபிளெக்ஸகன், மடித்துத் திறந்தால் மறைந்திருக்கும் முகத்தைக் காட்டும் காகித அறுகோணம். 1939-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன ஆர்தர் ஸ்டோன் என்ற ஆங்கிலேய மாணவரின் கோப்பில் அமெரிக்கத் தாள் அடங்கவில்லை. ஓரத்தை நாடாவாக வெட்டி எறிய வேண்டியிருந்தது. எறியாமல் மடித்து விளையாடினார், பிறந்தது இது. அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்ட சக மாணவர்களில், பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளரான ரிச்சர்ட் ஃபைன்மேனும் ஒருவர். 1956 டிசம்பரில் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகு உலகமே மடிக்கத் தொடங்கியது.

நாடாவில் பத்துச் சமபக்க முக்கோணங்கள் வேண்டும். கோணமானி தேவையில்லை. நாடாவின் நீளவாக்கு நடுக்கோட்டை மெல்ல மடித்து அடையாளம் வைத்துக்கொண்டு, ஒரு முனையின் மூலையை அந்தக் கோட்டின்மேல் வருமாறு, அடுத்த மூலை வழியாக மடியுங்கள். விழுகிற மடிப்பு சரியாக 60 டிகிரி. அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக மடித்துப் போனால் முக்கோணங்கள் தாமே வரிசையாக வரும். முனையில் உள்ள பாதி முக்கோணத்தையும் மறு முனையில் மிஞ்சியதையும் வெட்டிவிட்டு, எல்லா மடிப்புகளையும் இரு பக்கமும் நன்றாகப் பழக்குங்கள்.

இடமிருந்து எண்ணுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே மிச்ச நாடாவைப் பின்பக்கமாக மடியுங்கள். அப்படியே திருப்பிப் போட்டு, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே முன்பக்கமாக மடியுங்கள். ஒன்பதாவது முக்கோணம் ஒன்றாவதன் மேல் வந்து உட்கார வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் பத்தாவதைப் பின்னால் மடித்து, ஒன்றாவதன் அடியில் ஒட்டுங்கள். அறுகோணம் கையில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துக் கிள்ளி, எதிர் மூலையை நடுவை நோக்கி உள்ளே தள்ளுங்கள். நடுப்புள்ளி பூப்போலத் திறந்து, இதுவரை கண்ணில் படாத மூன்றாவது முகம் வெளியே வரும். கிள்ளிய இடத்தில் திறக்கவில்லை என்றால் ஒரு முக்கோணம் தள்ளிக் கிள்ளிப் பாருங்கள்.

முகங்களுக்கு நிறம் தீட்டப் பென்சிலே நல்லது. ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், மடிப்பையும் நனைத்துத் தளர்த்தும். மூன்று முகம் அலுத்துப்போனால் 19 முக்கோணங்கள் உள்ள நாடாவில் ஆறு முகங்கள் வரும். அதற்கு 2 செ.மீ. அகலம் போதும், ஏ4 தாளின் நீளத்துக்குள் வசதியாக அடங்கிவிடும்.